புன்னையை விட்டுவிட்டீர்களே

கடலோர வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற செடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், இட்லிப் பூ எந்த மண்ணிலும் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் மண்டபம் ஊருக்கு வந்து பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். எங்கள் கொல்லையில் மண்ணைவிடச் சிப்பியும் பவளச் சுண்ணாம்பும்தான் அதிகம். அந்தச் சுண்ணாம்பு இரும்புச் சத்தை வேருக்கு எட்டவிடாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், மற்றதெல்லாம் மஞ்சளாக வெளுத்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வருடம் குடம் குடமாக ஊற்றினேன்! அப்புறம்தான் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்புச் சத்துள்ள ஃபெரஸ் சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலத்தில் இலையில் தெளித்தேன். புதுத் தளிர் பச்சையாக வந்தது. இதையே மண்ணில் போட்டால் பாதி வீண், சுண்ணாம்பு அதையும் பிடித்துக்கொள்ளும்.

சரி, உப்புக்காற்றுக்கு? அதற்குப் புன்னை இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? வருடம் முழுக்கப் பச்சை, வெள்ளைப் பூ, நல்ல வாசம். வளர நிதானம்தான். விதையின் மேலோட்டை லேசாக உடைத்து நட்டால் சீக்கிரம் முளைக்கும். ஐப்பசி மழைக்குக் கன்றை வைத்துவிடுங்கள். பூவரசு இன்னும் சுலபம், கிளையை ஒடித்து நட்டாலே வரும். ஆனால் வேலி போடாவிட்டால் ஆடு விட்டுவைக்காது.