கண்ணை மூடச் சொன்னவர்களுக்கு

கானாவில் காது கேளாதவர்கள் நடுவே ஊழியம் செய்கிறேன். இங்கே வந்துபோன ஒரு குழு, எங்கள் பையன் ஒருவனுக்குக் காது திறந்துவிட்டது என்று காட்டுகிற வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாது என்றுதான் நான்கு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று எங்கள் ஊர்ச் சபை வாட்ஸ்அப் குழுவிலேயே "கானாவில் ஊமைகள் பேசினார்கள்" என்ற தலைப்போடு அது வந்து, கீழே வரிசையாக அல்லேலூயாவும் ஸ்தோத்திரமும் விழுவதைப் பார்த்த பிறகு முடியவில்லை. எழுதிவிடுகிறேன். வந்த குழு எது, எந்தச் சபை என்று கமென்ட்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் ஊமைகள் இல்லை. பேசுகிறவர்கள். ஆராதனை முடிந்து விளக்கை அணைத்தால்கூடப் போகாமல் வாசலில் தெருவிளக்குக்குக் கீழே நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள். கையால் பேசுகிறார்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் குறை யாரிடம்? எனக்கும் முதலில் புரியவில்லை. ஒன்றரை வருடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் மாணவியாக உட்கார்ந்து, தப்பாகக் கை காட்டி, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, அப்புறம்தான் ஒரு ஜெபம் செய்யும் அளவுக்குத் தேறினேன். நீங்கள் பத்து நாள் வந்தீர்கள். அதில் மூன்று நாள் கேப் கோஸ்ட் கோட்டை பார்க்கப் போய்விட்டீர்கள்.

வந்ததும் முதல் வார்த்தை என்ன? "எல்லோரும் கண்களை மூடி ஜெபிப்போம்." கண்ணை மூடினால் அவர்களுக்கு என்ன மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் யோசித்தீர்களா? இங்கே யாரும் கண்ணை மூடி ஜெபிப்பதில்லை. ஜெபிக்கிறவரின் கையைப் பார்த்துக்கொண்டுதான் ஆமென் சொல்ல முடியும். அதற்காகத்தான் பெஞ்சுகளை லாடம் மாதிரி வளைத்துப் போட்டிருக்கிறோம். 'தும்சோர்' என்று இங்கே சொல்வார்கள், கரண்ட் போய்ப் போய் வருவதற்கு. அது நடக்கும்போது பிரசங்கம் அப்படியே நின்றுவிடும், யாராவது டார்ச்சை எடுத்துப் பிரசங்கியார் கைமேல் அடித்த பிறகுதான் தொடரும். நீங்கள் கரண்ட் இருக்கும்போதே அவர்களை இருபது நிமிடம் இருட்டில் உட்கார வைத்தீர்கள். மரியாதைக்காக உட்கார்ந்தார்கள்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். மேடையில் நிற்கும் அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது, தச்சு வேலை செய்கிறான், புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, அதைத் தொட்டுக் காட்டுவதுதான் எங்களிடையே அவன் பெயர். நான்கு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் காது போனது. கானாவின் வடபகுதியில் அந்தக் காய்ச்சல் வறண்ட காலத்தில் இன்னமும் வருகிறது, பிழைக்கிற பிள்ளைகளில் சிலருக்குக் காது போய்விடும். இதைப் பயண ஏற்பாட்டின்போதே குழுவுக்கு எழுதி அனுப்பியிருந்தேன். ஆனால் மேடையில் அது "செவிட்டு ஆவி" ஆகிவிட்டது. காதில் விரலை விட்டு, ஆவியே வெளியே போ என்று கத்தி, பின்னால் நின்று கை தட்டி, அவன் திரும்பினான், கேட்டுவிட்டது, முடிந்தது அற்புதம். மரப்பலகை மேடை ஐயா அது! பக்கத்திலேயே டிரம்ஸ் அடிக்கிறார்கள். அதிர்வு காலில் ஏறும். அவன் அதற்குத் திரும்பினான். நீங்கள் தட்டியிருக்காவிட்டாலும் திரும்பியிருப்பான்.

உடனே இன்பாக்ஸில் வருவார்கள், அக்காவுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது, மிஷனரியே அற்புதத்தை நம்பாவிட்டால் எப்படி என்று. நம்புகிறேன். காது கேளாத ஒருவனை ஆண்டவர் குணமாக்கிய மாற்கு ஏழாம் அதிகாரத்தை உங்களைவிட அதிகத் தடவை படித்திருக்கிறேன், கையாலும் சொல்லியிருக்கிறேன். அதில் ஆண்டவர் முதலில் என்ன செய்தார்? அந்த மனிதனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். காதைத் தொட்டார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார், அதாவது அவனுக்குப் புரிகிற விதத்தில், கண்ணுக்குத் தெரிகிற விதத்தில் செய்தார். முடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்றார். ரிங் லைட் போடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆண்ட்ரூ ஃபாஸ்டர் யார் என்று வந்தவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? அலபாமாவில் பிறந்த கறுப்பர். பதினொரு வயதில் இதே மூளைக்காய்ச்சலில் காது போனவர். காது கேளாதவர்களுக்கான கல்லாடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின மாணவர். தானே ஒரு மிஷனைத் தொடங்கி, கானா சுதந்திரம் அடைந்த அதே 1957இல் அக்ராவுக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அப்புறம் நைஜீரியா, அப்புறம் இன்னும் எத்தனையோ நாடுகள், மொத்தம் 13 நாடுகளில் 30க்கும் மேற்பட்ட பள்ளிகள். 1987 டிசம்பரில் ருவாண்டாவில் விமானம் விழுந்து இறந்தார். கடைசிவரை அவருக்குக் காது கேட்கவில்லை. உங்கள் கணக்குப்படி அவர் குணமாகாத கேஸ். எங்கள் பிள்ளைகளின் ஆசிரியர்களுடைய ஆசிரியர்கள் அவரிடம் படித்தவர்கள்.

அந்தப் பள்ளிகளோடு வந்தது அமெரிக்கச் சைகை மொழி. "நீங்களும்தானே அமெரிக்கச் சைகையைக் கொண்டுவந்து உள்ளூர்ச் சைகையைக் கெடுத்தீர்கள்" என்று ஒரு தம்பி போன வருடம் கேட்டான். மற்றதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறேன், இதற்கு இல்லை. இங்கே அடமொரோபே என்று ஒரு கிராமம் இருக்கிறது. பரம்பரையாகக் காது கேளாதவர்கள் நிறையப் பிறந்த ஊர், கேட்கிறவர்களும் சைகை பேசுகிற ஊர், அவர்களுக்கென்றே தனி மொழி. பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போய்ப் பள்ளிச் சைகையோடு திரும்பினார்கள், பழையது தேய்ந்துகொண்டு வருகிறது. அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் தம்பி, அந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு அந்த மொழி ஒரு மொழி என்று தெரிந்திருக்கிறது. இவர்களுக்கு அதுவும் தெரியாது.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மா 1890களில் தொடங்கிய பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். ஊரில் எல்லோரும் "ஊமைப் பள்ளிக்கூடம்" என்போம், நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளைகள் பேசுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதனால் பெரிய யோக்கியம் ஒன்றும் பேசவில்லை. இங்கேயும் 'முமு' என்று ஒரு சொல் உண்டு, நம் ஊமை மாதிரியே, அதே ஏளனத்தோடு தெருவில் எறிவார்கள். நான் தப்பித்து ஓடி வந்த சொல் இங்கே முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மேடையில் மொழிபெயர்த்தது நான்தான். வீடியோவில் ஓரத்தில் தெரிகிற அரைக் கை என்னுடையது. "செவிட்டு ஆவியே" என்று அவர் கத்தியபோது என் கை ஓடவில்லை. அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "ஆண்டவர் உன்னை நேசிக்கிறார் என்று சொல்கிறார்" என்று கை காட்டினேன். பொய். மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். வந்தவர்கள் எங்களைத் தாங்குகிற சபைக்காரர்கள், மாதாமாதம் காணிக்கை அனுப்புகிறவர்கள். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை அனுப்புகிறேன், இத்தனை பேர் எழுதப் படித்தார்கள், இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று. ஒவ்வொரு முறையும் கமிட்டியிலிருந்து திரும்பி வருகிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேருக்குக் காது திறந்தது?

அன்று ராத்திரி அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். விருந்தாளிகள் சந்தோஷமாகப் போனார்களா, நான் சரியாகத் தலையாட்டினேனா என்று கேட்டான். சரியாக ஆட்டினாய் என்றேன்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. இன்று காலையில் அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. டிசம்பரில் அடுத்த குழு வருகிறதாம், பார்வை இல்லாதவர்கள் சிலரையும் ஏற்பாடு செய்து வைக்க முடியுமா என்று.