மரியோவில் இளவரசி இருக்கிறார்

கடைசிக் கோட்டையைத் தாண்டினாலும் சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேம் முதலிலிருந்தே சுற்றும், அதற்கு முடிவே இல்லை என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பலரும் ஆமோதித்திருப்பதால் சொல்கிறேன். முடிவு இருக்கிறது அண்ணா.

1985-ல் வந்த அந்த விளையாட்டில் 8 உலகம், ஒவ்வொன்றிலும் 4 கட்டம். முதல் ஏழு கோட்டைகளிலும், மரியோ மீட்கப் போகும் இளவரசி வேறு கோட்டையில் என்று திருப்பி அனுப்புவார்கள். 8-4-ல், அதாவது 8-ஆம் உலகத்தின் 4-ஆம் கட்டத்தில், இளவரசியே நின்று நன்றி சொல்வார். அதன்பிறகுதான் புதிய ஆட்டம் தொடங்கும். அது பழைய 1-1 இல்லை: காளான் பூச்சிகளுக்குப் பதில் ஓட்டு வண்டுகள் வரும், நெருப்பு உருண்டை அவற்றை ஒன்றும் செய்யாது.

குழப்பத்துக்குக் காரணம் 8-4 என்றே நினைக்கிறேன். தவறான பைப்பில் இறங்கினால் வந்த வழிக்கே கொண்டுபோய் விடும். வேலூர் சத்துவாச்சாரியில் மே மாத வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடிய நாங்களும் அங்கேயே சுற்றிச் சுற்றி நேரம் தீர்ந்து செத்திருக்கிறோம். போன மாதம் மறுபடி ஆடியபோதுதான் வழி பிடிபட்டது.

நீங்களே பார்க்கலாம், 32 கட்டமும் ஆட வேண்டாம். 1-2-ன் கடைசியில் மேல்கூரைச் செங்கல் மீது ஏறி, வெளியேறும் பைப்பைத் தாண்டி ஓடுங்கள். அங்குள்ள மூன்று பைப்பில் இடப்பக்கம் இருப்பது 4-ஆம் உலகத்துக்கு. 4-2-ல் மறைந்திருக்கும் கட்டைகளை முட்டித் திறந்து, முளைக்கும் செடிக்கொடியில் ஏறினால் 8-ஆம் உலகத்துக்கும் பைப் உண்டு. 8-4 முடிந்ததும் உடனே அணைத்துவிடாமல் திரையைப் படியுங்கள்.