'காட்டன்' பிழையான ஆங்கிலமா?

'கெட்' (get) என்ற வினைச்சொல்லின் இறந்தகால, முற்று வடிவங்களாக 'காட், காட்' (got, got) மட்டும்தான் சரி, 'காட்டன்' (gotten) என்பது அமெரிக்கர்கள் கிளப்பிவிட்ட பிழை என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு.

'காட்டன்' (துணி இல்லை!) அமெரிக்காவில் பிறந்ததே அல்ல. 1611-இல் இங்கிலாந்தில் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அது இருக்கிறது. பிற்பாடு பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் தங்கிவிட்டது. ஆனால் 'ஃபர்காட்டன்' (forgotten) என்பதை பிரிட்டிஷார் இன்றும் விடவில்லை, வேடிக்கைதான்.

அமெரிக்கர்கள் இரண்டையும் பொருள் பிரித்தே பயன்படுத்துகிறார்கள். 'ஐ ஹாவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது. 'ஐ ஹாவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கிவிட்டேன். 'இட் ஹாஸ் காட்டன் கோல்டு', குளிர்ந்துவிட்டது. இந்த நுணுக்கம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் கருத்தில் அவர்களுக்கு நஷ்டம்தான்.

சரி, எங்கும் போடலாமா? கூடாது. 'ஹாவ், ஹாஸ், ஹாட்' துணையில்லாமல் 'ஐ காட்டன்' என்றால் அது பிழையேதான். பிரிட்டிஷ் முறைத் தேர்வு எழுதுபவர்கள் 'காட்' என்றே எழுதிவிடலாம்.