விழுந்த ஆயிரம் பேரும் செபித்தவர்கள்தாம்

போன மாதம் கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில் பக்கம் நடந்த ஒரு செபக்கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பேச வந்தவர் வெளியூர்க்காரர், நல்ல குரல். திருப்பாடல் 91ஐ எடுத்தார். பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை எதுவும் அணுகாது என்று வருகிற இடத்தில் நிறுத்தினார். இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் அதற்குச் சாட்சி, உங்கள் விசுவாசம்தான் உங்களைக் காப்பாற்றியது என்றார். முன்வரிசையில் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எழும்பு, பஸ் போய்விடும்" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

2009இல், வன்னியில் போரின் கடைசி மாதங்களில், தவக்காலம் பெப்ரவரி 25ஆம் திகதி தொடங்கியது. இறைச்சி தவிர்ப்பதில் அந்த ஆண்டு எங்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அக்கராயன், தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று நகர்ந்து, கடைசியில் வலைஞர்மடத்து மணலில் தறப்பாள் கட்டியிருந்தோம். அந்த மணலில் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டினால் வெட்டிய பக்கமே சரியும். உரப்பை தீர்ந்துபோயிருந்தது. அம்மா தன் கூறைச்சேலையை எடுத்து, நான்காக வெட்டி, ஊசி நூலால் பைகளாகத் தைத்தார். சரிகைக் கரை வெளியே தெரிய அடுக்கியிருந்த மண்மூட்டைகள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. எனக்கு அப்போது பதினான்கு வயது.

செல், அதாவது எறிகணை, விழத் தொடங்கினால் அம்மா செபமாலையைத் தொடங்குவார். எங்களிடம் மணிக்கூடு இல்லை. இன்றைக்கு இரண்டு செபமாலை நேரம் அடித்தார்கள், அரைச் செபமாலைதான் அடித்தார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. செபமாலையின் ஐந்து பகுதிகளில் மூன்றாவது தேவ இரகசியம் நடந்துகொண்டிருக்கும்போது சத்தம் ஓய்ந்தால், அந்த மணியிலேயே நிறுத்திவிட்டு வெளியே ஏறி அடுப்பை மூட்டிவிடுவார். அம்மம்மாவுக்குப் பொறுக்காது. பாதியில் விடுவது பாவம் என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவார். "பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று மாதாவுக்குத் தெரியும், மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்" என்பது அம்மாவின் பதில். அந்த இடைவெளிக்குள் கஞ்சி கொதித்துவிடும். பக்கத்துப் பங்கரில் தேவாரம் படித்துக்கொண்டிருந்த ஆச்சிக்கும் ஒரு கோப்பை போகும்.

உயிர்ப்பு ஞாயிறு அந்த ஆண்டு ஏப்ரல் 12. அதற்கு முந்திய வாரம் சின்ன மாமி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செத்துப்போனார். அவருடைய கையிலும் செபமாலை சுற்றியிருந்தது. எங்களைவிட அதிகம் செபித்தவர் அவர். ஊரில் இருந்தபோது வருடம் தவறாமல் ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்தே போனவர். அந்தப் பேச்சாளரின் கணக்கில் மாமி எங்கே வருவார்? ஆயிரத்தில் ஒருவராகவா? அப்படியென்றால், அவருக்குக் கேட்காத காது எனக்கு மட்டும் கேட்டது என்று நான் நம்ப வேண்டும். என்னால் முடியாது.

மடு மாதாவின் கதையே இடப்பெயர்வுக் கதைதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையில் இருந்த குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை, தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்த்தான் மடு உண்டானது. 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு, அந்த ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் செல் விழுந்து ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் குருக்கள் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்ட்டில்தான் அது திரும்பியது. மாதாவும் எங்களைப் போல மூட்டை கட்டிப் போய் வந்தவர். இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கோ அதில்தான் ஆறுதல்.

ஒலிவத் தோட்டத்தில் இயேசு பயந்தார். துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி தந்தையிடம் கேட்டார். தூங்காமல் கூட இருக்கச் சொல்லி மூன்று பேரைக் கெஞ்சினார், அவர்களோ தூங்கிவிட்டார்கள். பங்கருக்குள் இருந்த எனக்கு அவர் அந்நியராகத் தெரியவில்லை. வியர்த்துப்போய், யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தவித்த ஒருவரை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. துணிவு வந்தது என்றால் அங்கிருந்துதான் வந்தது. அதுவும் பெரிய துணிவில்லை. மேலே ஏறி விறகு பொறுக்குகிற அளவுக்கு.

பக்கத்தில் இருந்தவர்களும் இருந்தார்கள். சரத்ஜீவன் அடிகளார் மக்களை விட்டுப் போகாமல் கடைசி வரை நின்று, 2009 மே 18ஆம் திகதி மாரடைப்பில் இறந்தார். யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், அதே நாளில் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடப் போனார். அவர்களை ஏற்றிய பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. திருப்பாடல் 91 அந்தச் சுவாமிக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் போனார்.

எங்களுக்கு அயலில் இரணைமாதாநகர். 1992இல் இரணைதீவை விட்டு வந்த சனம் அங்கே இருந்தது. 2017 மே மாதம் தொடங்கி தீவுக்குத் திரும்ப விடச் சொல்லி ஏறக்குறைய ஒரு வருடம் கொட்டகைக்குள் உட்கார்ந்து போராடினார்கள். பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் படகுகளில் ஏறித் தீவுக்குப் போய், தங்கள் கோயிலில் செபித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். நடுவில் கடற்படை என்ன செய்யும் என்று படகில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. பயம் இருந்ததா என்று அங்கே போய்வந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். "இல்லாமலா? ஆனால் படகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியாகிவிட்டதே" என்றார். சாட்சி சொல்ல ஆள் தேடுகிறவர்கள் அந்த அக்காவை மேடைக்குக் கூப்பிடலாம். வருவாரோ தெரியாது, நண்டு வலைக்குப் போகிற நேரம்.

நாங்கள் 2009 ஏப்ரல் 20ஆம் திகதி மாத்தளன் பக்கமாக நீரேரியைக் கடந்து வெளியே வந்தோம். பிறகு இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம், பிறகு ஊர். அம்மம்மா முகாமிலேயே கண்ணை மூடிவிட்டார்.

கூட்டத்திலிருந்து வந்த அன்று இரவும் அம்மா வழக்கம்போலச் செபமாலை சொன்னார். ஐந்து தேவ இரகசியங்களும் முடிந்த பிறகும் மணிகளை உருட்டிக்கொண்டே இருந்தார். இதை நான் பல வருடமாகக் காண்கிறேன். மாமிக்காக என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வலைஞர்மடத்தில் பாதியில் விட்டவை" என்றார். "கொம்மம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்."

எத்தனை மிச்சம் என்று கேட்டதற்கு, கணக்கு தன்னிடம் இருக்கிறது, நீ போய்ப் படு என்றார்.