கடன் முடியட்டும், பிறகு பார்ப்போம்

கடந்த வியாழக்கிழமை காலை கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பி நின்றார். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். முன்பு நிலாவெளிப் பக்கம் வான் ஓடியவர். பெயர் தெரியாது, முகம் தெரியும். எட்டரை ஆகியும் வரிசை அசையவில்லை. அவருடைய தொலைபேசி இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்துப் பேசினார். பிறகு கிளினிக் கொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஒரு ஹயர் வந்திருக்கிறது அண்ணா. இந்த மாதத் தவணை இன்னும் கட்டவில்லை. கடன் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு மூன்று வருடம் திரிந்தவன் நான். அதை நம்பி நான் எதை இழந்தேன் என்பதை அங்கேயே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

2018இல் லீசிங்கில் வான் எடுத்தேன். எங்கள் திருகோணமலைப் பக்கம் சீசன் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைதான். புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் வருகிறவர்களை நம்பி அந்த ஐந்து மாதம் ஓடி, மீதி ஏழு மாதத்தைச் சமாளிக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்தன. அந்த வருடச் சீசன் தொடங்கும் முன்பே முடிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2022இல் ஆட்கள் வந்தாலும் டீசல் இல்லை. எண்ணெய் வரிசையில் வானுக்குள்ளேயே படுத்து எழும்பினேன். அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. புதுக்கடன் எடுத்துப் பழைய கடனை அடைக்கலாம் என்று வைத்திருந்த கடைசி நினைப்பும் அத்தோடு போயிற்று.

நடுவில் தவணைச் சலுகை தந்தார்கள். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. சலுகை முடிந்து கணக்குத்தாள் கைக்கு வந்த அன்றுதான் அது எனக்கு விளங்கியது. 2023 தொடக்கத்தில் வானை எடுத்துக்கொண்டு போனார்கள். வான் போனால் கடனும் அதோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஏலத்தில் விற்ற காசைக் கழித்து, மீதி எவ்வளவோ அது நம் தலையில்தான். எனக்குப் பிணை நின்றவர் என் மனைவியின் தம்பி. வீடு திருத்த அவர் வங்கிக்குப் போனபோது, கிரிப் எனப்படும் கடன் வரலாற்று அறிக்கையில் என்னுடைய கடன் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இவ்வளவு நாளும் உடம்பை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்கிறது என்று 2017இலேயே சொல்லியிருந்தார்கள். மாதத்தில் ஒரு நாள் கிளினிக். அங்கே மருந்து இலவசம், ஆனால் இலக்கம் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வர மதியம் ஆகிவிடும். அரைநாள் உழைப்பு போய்விடுகிறது என்று 2020 கடைசியில் கிளினிக்கை விட்டேன். பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். 2022இல் மருந்து விலை ஏறியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். பிறகு அதுவும் இல்லை.

காலில் எப்போது காயம் பட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் இந்த வருத்தத்தின் கொடுமை. சீனி நரம்பைத் தின்றுவிட்டால் கால் வலியைச் சொல்லாது. மகள்தான் நிலத்தில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்கள் காலில்தான்" என்றாள். மஞ்சள் பூசினேன். கன்னியாவில் போய் வெந்நீர் ஊற்றினால் ஆறும் என்று ஒருவர் சொன்னார், போனேன். கன்னியாவின் ஏழு கிணறுகளையும் நான் மதிக்கிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் முடிந்து அங்கே முழுகியவன். ஆனால் சூடு தெரியாத காலில் வெந்நீர் ஊற்றக் கூடாது. சீனிக்காரர் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். பத்து நாளில் கால் கறுத்தது. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். 23 நாள் வார்ட்டில். பிறகு இரண்டரை மாதம் வீட்டில்.

அந்தக் கட்டிலில் கிடந்தபோது ஒரு கணக்குப் போட்டேன். நான் போகாமல் விட்ட கிளினிக் நாட்கள் ஏறத்தாழ முப்பது. முப்பது அரைநாள் என்றால் பதினைந்து நாள் உழைப்பு. அந்தப் பதினைந்து நாளை மிச்சம் பிடிக்கப் போய் நூறு நாளை இழந்தேன். அந்த நூறு நாளும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடன்பட்டவன் உடம்பைப் பார்த்தால் கடன் கூடும் என்று நினைக்கிறோம். என் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு.

கடன் எவ்வளவு என்று மனைவிக்கு அதுவரை முழுதாகத் தெரியாது. வார்ட்டிலிருந்து வந்த மூன்றாம் நாள் அவள் கேட்டாள். பாயை விரித்து எல்லாத் துண்டுகளையும் பரப்பினோம். லீசிங் மீதி, அடகுத் துண்டுகள் மூன்று, அவள் கழித்து எடுத்த சீட்டு, பெரியப்பாவிடம் வாங்கிய கைமாற்று, ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து மாதவட்டிக்கு எடுத்த 50,000 ரூபாய். இந்தக் கடைசியைத்தான் நான் மறைத்திருந்தேன். அவள் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழவில்லை, கத்தவில்லை. "இதற்கு இதுவரை எவ்வளவு கட்டினீர்கள்?" என்று கேட்டாள். மாதம் 5,000. பதினான்கு மாதத்தில் 70,000. முதல் அப்படியே 50,000.

அன்றைக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். நாம் யாருக்கு முதலில் கட்டுகிறோம்? வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கு. அல்லது யார் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறதோ அவருக்கு. பெரியப்பாவுக்கு வட்டியே இல்லை. ஆனால் கோயிலில் காண வேண்டிவரும் என்று அவருக்கு மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்துவந்தேன். பத்து வட்டிக்காரர் அமைதியாக இருந்தார். அவருக்கு அவசரம் எதற்கு? மனைவி தன் காப்புச் சோடியை அடகிலிருந்து மீட்டு விற்று அந்த 50,000ஐ ஒரே நாளில் முடித்தாள். நகையை விற்பது வீட்டுக்கு ஆகாது என்று மாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அடகில் கிடக்கிற காப்பு என் கையிலும் இல்லை அம்மா, மாதாமாதம் வட்டியும் கேட்கிறது" என்று அவள் சொன்ன பதிலுக்கு யாரிடமும் மறுமொழி இருக்கவில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், கிராமங்களில் குழுக்கடன் எடுக்கிற சகோதரிகளுக்காக. 100,000 ரூபாய், வருடத்துக்கு 24 வீதம் என்பார்கள். 12 மாதத்தில் 124,000 கட்ட வேண்டும், மாதம் 10,333. இது 24 வீதம் இல்லை. நாம் மாதாமாதம் முதலையும் குறைத்துக்கொண்டு வருகிறோம், வட்டியை மட்டும் முழு இலட்சத்துக்கும் கடைசிவரை எடுக்கிறார்கள். குறைகிற முதலுக்கு வட்டி பார்த்தால் அது வருடத்துக்கு 42 வீதத்துக்குக் கிட்ட வரும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? கையெழுத்து வைக்கும் முன் "குறைகிற முதலுக்கா, முழு முதலுக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

லீசிங் மீதிக்கு நான் கடிதம் எழுதினேன், தமிழில். என் நிலைமை, என் வருமானம், மாதம் இவ்வளவு கட்ட முடியும் என்று. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதன் பிரதியை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கும் அனுப்பினேன். 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பிறகு கூப்பிட்டுப் பேசினார்கள், தவணை பாதியானது. காலம் நீண்டது, மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகத்தான் கட்டுவேன். தெரிந்துதான் சம்மதித்தேன், அந்தப் பாதியில்தான் கிளினிக் நாளும் படிப்பு நாளும் எனக்குக் கிடைத்தன.

படிப்பு என்றதும் வீட்டில் பெரிய சண்டை. வான் இல்லை, நாள் முழுக்கக் காலை மிதித்து ஓடவும் முடியாது. நிலாவெளி வீதியில் ஹொட்டேலுக்கு ஹொட்டேல் வளிச்சீராக்கி (ஏ.சி.) இருக்கிறது. கடல் உப்புக்காற்றில் வெளியில் வைக்கும் பெட்டியின் தகடுகள் சீக்கிரம் அரித்துவிடும். கழுவவும் பழுதுபார்க்கவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தொழிலுக்கு அரச பயிற்சி நிலையத்தில் சனி, ஞாயிறு வகுப்பு, தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ. சான்றிதழுடன். பெரியப்பா வந்து உட்கார்ந்து, "நாற்பத்து மூன்று வயதில் பள்ளிக்கூடமா? அந்த இரண்டு நாளும் யாருடைய ஆட்டோவையாவது வாடகைக்கு ஓடினால் கடன் குறையும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் சொன்னபடி கேட்டிருந்தால் பத்து வருடத்துக்கும் அதே வாடகை ஆட்டோதான். கடனைக் கட்டுவது உழைப்பு. அந்த உழைப்பை இன்னும் கொஞ்சம் பெறுமதியாக்குகிற ஒரே வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கடனைக் குறைக்கச் சொன்னால் அது எப்படி நடக்கும்?

வகுப்பில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுடன் உட்கார்ந்தேன். மின்சுற்றுப் படம் எனக்கு ஏறவே இல்லை. மகள் அப்போது பத்தாம் தரம். ஓமின் விதியை அவள்தான் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒருநாள் செய்முறையில் ஏணியில் நின்றபோது சீனி குறைந்து உடம்பு வியர்த்துக் கண் இருண்டது. மதியம் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டிருந்தேன். கீழே நின்ற பொடியன் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அதற்குப் பிறகு பையில் எப்போதும் இனிப்பு இருக்கும், சாப்பாட்டு நேரத்தை யாருக்காகவும் தள்ளுவதில்லை. மேசன், சமையல், தச்சு என்று ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு ஒன்று: உங்களுக்கு முழுப் படிப்பும் தேவையில்லை. அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் விண்ணப்பித்தால் உங்கள் அனுபவத்தை மதிப்பிட்டே என்.வி.கியூ. தரும் முறை இருக்கிறது.

இதுவரை எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடும்பம், உடம்பு, படிப்பு, கடன் எல்லாவற்றையும் நான் சமாளித்ததாக எழுதியிருக்கிறேன். நான் வார்ட்டில் கிடந்த மாதத்திலிருந்து அவள் விடிய மூன்றரைக்கு எழும்பி இரண்டு கடைகளுக்கு இடியப்பம் அவிக்கிறாள். என் கிளினிக் நாளும் என் வகுப்பு நாளும் அவளுடைய நித்திரையிலிருந்து எடுத்தவை. சமநிலை, சமநிலை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் வீடுகளில் அந்தத் தராசின் அடியில் பெரும்பாலும் ஒரு பெண்தான் நிற்கிறாள், அவளை யாரும் நிறுப்பதில்லை. போன மாசியில் அவளை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அரச ஆஸ்பத்திரிகளில் இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகவே பார்க்கிறார்கள். அவளுக்கு அழுத்தம் கூட இருந்தது. எவ்வளவு நாளாக என்று யாருக்குத் தெரியும்? இப்போது ஒரு கடைக்கு மட்டும்தான் இடியப்பம். வருமானம் குறைந்திருக்கிறது, கடன் முடிய இன்னும் ஐந்து மாதம் கூடும். கூடட்டும்.

இன்றைக்கு 3 இலட்சத்து 40 ஆயிரம் மீதி இருக்கிறது. சான்றிதழ் கிடைத்துவிட்டது; கருவிகள் பாதி என்னுடையவை, பாதி இரவல். பெரியப்பாவுக்கு இந்த வருடம் ஒன்றும் கொடுக்கவில்லை. நேரில் போய்ச் சொன்னேன், முகம் கொடுத்துத்தான் பேசினார்.

தம்பி, இது உமக்கு யாராவது மூலமாக வந்து சேரும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு மருந்து எடுக்காமல் போய்விட்டீர். நாளை மறுநாள் வியாழக்கிழமை எனக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஐந்தரைக்கே வாசலில் நிற்பேன். நீர் ஆறரைக்கு வந்தாலும் போதும். கொப்பியை மறக்காமல் கொண்டு வாரும், உமக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்கிறேன்.