ஒரு டம்ளரில் முழு ஓஆர்எஸ் பாக்கெட்டா? வேண்டாம்

"தனுஷ்கோடி வெயிலில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கா? ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் ஒரே டம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுங்கள், உடனே நிற்கும்." ராமேஸ்வரம் கிளம்பும் குடும்பங்களின் வாட்ஸப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு, ஆபத்தும்கூட.

20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. 200 மில்லி டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகும். அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். 200 மில்லிக்கென்றே 4.2 கிராம் சின்னப் பாக்கெட்டும் உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அளவு பாக்கெட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள்.

காரில் எளிய வழி: ஒரு லிட்டர் பாட்டிலில் ஆறவைத்த கொதிநீர், முழுப் பாக்கெட். கடலோர போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் கலக்காதீர்கள். சோடா, ஜூஸிலும் கூடாது. ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் 50–100 மில்லி, அதற்கு மேல் 100–200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கண் குழிந்து, பிள்ளை துவண்டு, சிறுநீரும் போகாவிட்டால் காத்திருக்காமல் 108. சந்தேகம் மட்டும் என்றால் மருத்துவ ஆலோசனைக்கு 104.

அந்தத் தகவல் வந்தால் அனுப்பியவரிடம் சொல்லுங்கள், மேலே அனுப்பாதீர்கள்.