பெட்டி வைத்தால் போதுமா?
சேலம் மாவட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பெண்கள், பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பெண்கள் குழுவும் புகார்ப் பெட்டியும் இருந்தாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்தப் பெட்டியை வருகைப் பதிவுக்கு வரிசை நிற்கும் இடத்தில் மாட்டினால், யார் சீட்டுப் போட்டது என்று சாயங்காலத்துக்குள் முகாமே பேசும். பெண்கள் கழிப்பறைப் பக்கம் மாட்டி, இரண்டு பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு சாவியாக இரண்டு பெண்களிடம் கொடுங்கள். முகாம் தலைவரிடம் வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டவர் அவருக்கே சொந்தக்காரராக இருக்கலாம். முக்கியமாக, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தைக் பெண்கள் குழு 'பேசி முடிக்க'க் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆகணும். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கும் இது பொருந்தும். காவல்துறையினர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். எழுதத் தெரியாத சிறுசுகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.